குடில் பெட்டியில் உட்கார்ந்த கோழி

கோழிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று நம்பினேன். லேசான காய்ச்சல்கூட இல்லை, ஆளையே கொண்டுபோகிற காய்ச்சல் என்று. கைக்குட்டையில் ஐஸ் கட்டிகளை முடிந்து எடுத்துக்கொண்டு, இந்தப் பிராணிக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று வீட்டுக் கொல்லையில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். கொண்டைக்கும் மூக்குக்கும் நடுவில் அரை அங்குலம் இடம் இருந்தது. அதுதான் நெற்றியாக இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்து ஐஸை வைத்தேன். அப்போது கோழி என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது. அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. குடும்பத்தோடு படிக்கிறவர்கள் இருப்பீர்கள்.

அதற்கு ஒரு நோயும் இல்லை. அது அடைக்கு வந்திருந்தது. முட்டைமேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்கத் தயாராகிவிட்டது. இந்த ஒன்றுக்காகத்தான் நானும் என் மனைவியும் அதன் பின்னாலேயே நாள்கணக்கில் அலைந்துகொண்டிருந்தோம். கேட்டது கிடைத்தபோது அதற்கு ஐஸ் வைத்த ஆள் நான்.

எங்கள் வீடு சாந்தோமில், கடலைப் பார்த்துப் போகிற ஒரு சந்தில் இருக்கிறது. மூன்று பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டதால் மேலேயிருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் கொல்லை ஒரு கிணறு மாதிரி தெரியும். அந்தக் கிணற்றுக்குள் ஒரு முருங்கை மரம், துவைக்கிற கல், தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கிற தகரக் கொட்டகை, ஒரு சேவல், ஒரு கோழி. இரண்டையும் ராயப்பேட்டையில் குஞ்சாக வாங்கிவந்து, செருப்புப் பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு வளர்த்தவள் என் மனைவி. அவள் பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் அவள் கிளம்பும்போது சேவல் தெருக்கதவு வரை கூடவே போய் வழியனுப்பும். சாயங்காலம் சந்து முனையில் அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் ஓடும். எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் ஒரு நாளும் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு ஓடியதில்லை. அதை அவள் வாயைத் திறந்து சொன்னதும் இல்லை. சேவலைத் தடவிக்கொடுத்தபடி என்னை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

சேவலுக்கு வினை அதன் தொண்டையில் இருந்தது. அடுத்த கட்டடத்தில் முதல் மாடிக்காரர், ரிட்டயரானவர், எனக்குப் பல வருடப் பழக்கம், ஒரு நாள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

“ஸார், தப்பா எடுத்துக்கப்படாது. உங்காத்து சேவல் விடிகார்த்தால மூணரைக்கே ஆரம்பிச்சுடறது.”

“அதுக்கு மணி பாக்கத் தெரியாது மாமா.”

“நேக்குத் தெரியறதே. சுகருக்கு மாத்திரை, பிரஷருக்கு மாத்திரை. தூக்கம் ஒண்ணுதான் மாத்திரை இல்லாம வந்துண்டிருந்தது.”

நியாயமான பேச்சு. மறுக்க முடியவில்லை. பெருங்குடியில் என் மைத்துனன் வீட்டுக்குப் பக்கத்தில் காலி மனை இருக்கிறது, அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் கூவலாம் என்று முடிவாகி, மனைவி சேவலைக் கூடையில் வைத்துக் கொடுத்தனுப்பினாள். அது போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் போன் செய்தான்.

“மாமா, அக்கா பக்கத்துல இருக்கா?”

“குளிக்கிறா. சொல்லு.”

“சேவல நாய் கவ்விக்கினு போயிடுச்சு மாமா.”

“ஞாயித்துக்கிழமையா பாத்துக் கவ்வுச்சா?”

“மாமா, சத்தியமா நாய்தான்.”

அவனுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. நான் யாரையும் சந்தேகப்படவில்லை. விசில் கேட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

விஷயத்தைக் கேட்ட மனைவி அழவில்லை. ஈரத் தலையோடு நேராக அரிசி டிரம்மைத் திறந்து, உள்ளே புதைத்துவைத்திருந்த கோழி முட்டைகளைக் கையால் தடவிப் பார்த்தாள். “இனிமே இதுல யாரும் கை வெக்கக் கூடாது” என்றாள்.

“ஏன்?”

“அது அதோடது.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சேவல் போன பிறகும் கொஞ்ச நாளைக்குக் கோழி இடுகிற முட்டையில் உயிர் இருக்கும். இரண்டு வாரம் தாண்டினால் இருக்காது. அந்த டிரம்மில் இருப்பதும் இன்னும் சில நாளில் கோழி இடப்போவதும்தான் அந்தச் சேவலில் மிச்சம். கோழி அடைக்கு உட்கார்ந்தால் உண்டு, முட்டைகள் நாள்பட்டுப் போனால் இல்லை. அந்த வாரத்தில் மட்டும் இரண்டு பேரை நான் வெங்காயம், பச்சை மிளகாயோடு ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் எண்ணிக்கை தெரிந்தவள், சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து கோழியை அடைக்கு உட்காரவைக்கிற வேலையில் இறங்கினேன். கூடையில் வைக்கோல் போட்டு முட்டையைக் காட்டினால் போதும், ஆபீசில் புது ஆளுக்கு நாற்காலியைக் காட்டுவது மாதிரி, வந்து உட்கார்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். வைக்கோலுக்குச் சாந்தோமில் எங்கே போவது? கொட்டகைக்குள் கிறிஸ்மஸ் குடில் சாமான் வைத்திருந்த அட்டைப்பெட்டி இருந்தது. வருடா வருடம் டிசம்பரில் திறக்கிற பெட்டி. அதிலிருந்து வைக்கோலில் பாதியை உருவிக் கூடையில் பரப்பினேன். நல்ல முட்டையை வெயிலில் வைத்துக் கெடுக்க வேண்டாம் என்று மனைவி சொன்னதால், கூடைக்குள் மூன்று டேபிள் டென்னிஸ் பந்துகளை வைத்தேன். இருட்டு வேண்டும் என்று பழைய போர்வையைப் போட்டு மூடினேன்.

கோழி வந்து பார்த்தது. ஒரு பந்தைக் கொத்தியது. பந்து துள்ளி வெளியே விழுந்து உருண்டது. கோழி பயந்துபோய் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டது.

உடம்பு சூடேறினால் அடைக்கு வரும் என்று எங்கேயோ கேட்டு, கம்பும் கருவாட்டுத் தலையும் போட்டேன். சாப்பிட்டது. நன்றாகச் சாப்பிட்டது. வேறொன்றும் நடக்கவில்லை. போனில் அடைக்கோழி வீடியோ ஒன்றைக் கண்டுபிடித்து அதன் மூஞ்சிக்கு நேரே பிடித்தேன். வீடியோவில் இருந்த கோழியை இது கொத்தியது. கண்ணாடியில் கீறல் விழுந்தது. கடைசியில் ஒரு மத்தியான நேரம், யாரும் இல்லை என்று நினைத்து, கூடைக்கு மேலே நானே குந்தி உட்கார்ந்து, கைகளை இறக்கை மாதிரி விரித்து, இதோ பார், இப்படித்தான், இவ்வளவுதான் என்று காட்டினேன்.

மேலே பால்கனியில் ஒரு செருமல்.

“ஸார், உடம்புக்கு ஏதாவது?”

“இல்ல மாமா. கோழிக்குச் சொல்லிக் குடுக்கறேன்.”

அவர் “நடக்கட்டும்” என்றுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐஸ் வைத்த சம்பவம் இதற்கு அடுத்த வாரம். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற காலம் என்பதால் மனைவி காலையிலேயே போய்விடுவாள். எனக்குத் தேனாம்பேட்டையில் ஒரு கணக்கு கம்பெனியில் வேலை. வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அன்று அப்படி ஒரு நாள். மடிக்கணினியில் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கோழிச் சத்தமே இல்லையே என்று தோன்றவும் எழுந்து போய்த் தேடினேன். கூடையில் இல்லை, மரத்தில் இல்லை. கொட்டகைக்குள் குடில் பெட்டியில் இருந்தது.

உட்கார்ந்திருக்கவில்லை, பரவியிருந்தது. யாரோ மேலேயிருந்து அமுக்கிவிட்ட மாதிரி உடம்பு தட்டையாகி, இறகெல்லாம் சிலிர்த்து, கண் ஒரே இடத்தில் நிலைகுத்தியிருந்தது. கையை நீட்டினேன். அடித்தொண்டையில் உறுமியது. கோழி உறுமும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வயிற்றுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. தூக்கினால் கீழே வைக்கோல் நடுவே பாலன் இயேசுவின் சுரூபமும் ஒரு காது உடைந்த ஆட்டுக்குட்டியும் கிடந்தன. இரண்டும் சுடச்சுட இருந்தன.

எனக்கு வேறென்ன தோன்றும்? பறவைக் காய்ச்சல். கடைசி நேரம் என்று தெரிந்து பாலன் இயேசுவிடம் வந்து படுத்திருக்கிறது. பங்குச் சாமியாரைக் கூப்பிடலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன், அதை மறைத்துப் பயனில்லை. பிறகுதான் ஐஸ், நெற்றி எல்லாம். ஐஸ் போதாது என்று துவாலையைத் தண்ணீரில் நனைத்துக் கோழியின் மேல் சுற்றினேன். மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. நெட் கட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று மடிக்கணினியை மூடிவிட்டு, ஈரத் துவாலையோடு கோழியை ஒயர் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

ஆட்டோக்காரர் கூடையை எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் இது?”

“கோழி. உடம்பு சரியில்ல. அடையாறுல டாக்டர்கிட்ட போகணும்.”

“கோழியத் தூக்கிக்கினு டாக்டராண்டயா?”

“ஆமாங்க. சீக்கிரம்.”

“உக்காரு, உக்காரு.” வண்டியைக் கிளப்பினார். அடையாறு பாலம் ஏறும்போது, கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் சொன்னார். “எம் பொண்டாட்டி ரெண்டு நாளா இருமிக்கினு கீது சார். நானு இன்னான்னுகூட கேக்கல.”

“கேளுங்க” என்றேன். “கேக்கறேன்” என்றார்.

அடையாற்றில் எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் நாய், பூனை பார்க்கிறவர். முப்பது வயதிருக்கும் பெண். வெளியே ஒரு லாப்ரடார் கழுத்தில் பிளாஸ்டிக் புனலோடு உட்கார்ந்து என் கூடையை மோந்து பார்த்தது. என் முறை வந்ததும் மேசைமேல் துவாலையைப் பிரித்தேன். பறவைக் காய்ச்சலா, என் மனைவிக்கும் தொற்றுமா, நாங்கள் தனித்தனி அறையில் இருக்க வேண்டுமா என்று ஒரே மூச்சில் கேட்டேன். டாக்டர் கோழியை மல்லாக்கப் பிடித்து, அதன் மார்பு இறகில் வாயால் ஊதினார். இறகுகள் இரண்டு பக்கமும் விலகின. நடுவில் உள்ளங்கை அளவு தோல், இறகே இல்லாமல், சிவந்து இருந்தது.

“பாத்தீங்களா?”

“ஐயோ, புண்ணா?”

“புண் இல்ல சார். இறகு அதுவா கொட்டியிருக்கு, மீதிய இதுவே பிடுங்கிப் போட்டிருக்கு. முட்டை மேல தோல் நேரா படணும்ல, அதுக்கு. கோழி உடம்பு எப்பவுமே நம்மளவிடச் சூடுதான். இதுக்குக் காய்ச்சல் கிடையாது. அடைக்கு வந்திருக்கு.”

நான் அந்தச் சிவந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் கொல்லையில், கருவாட்டுத் தலை தின்றுகொண்டு, என் போனைக் கீறிக்கொண்டு திரிந்த அதே கோழி. பந்தும் போர்வையும் வீடியோவுமாக நான் வெளியே ஆடிக்கொண்டிருந்தபோது, யாரும் பார்க்காத இடத்தில் அது தன் மார்பைத் திறந்து தயாராக வைத்திருக்கிறது. இன்னும் வராத ஒன்றுக்காக.

“இந்த ஈரத்துணி யார் சுத்தினது?” டாக்டர் கேட்டார்.

“நான்தான்.”

“நெத்தியில என்ன, ஐஸா? கொண்டையெல்லாம் சில்லுனு இருக்கே.”

“நான்தான்.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையைத் துடைத்தார். “எங்க ஊர்ல அடைக்கோழியத் தெளியவைக்க இதத்தான் சார் பண்ணுவாங்க. முட்டை இடாம உக்காந்துக்கிட்டே இருக்கேன்னு, தண்ணியில முக்கி எடுத்துக் காத்துல விடுவாங்க. வயித்துச் சூடு அடங்கிட்டா எல்லாம் மறந்து எழுந்து போயிடும். உங்களுக்கு அடை வேணாமா?”

“வேணும் டாக்டர். அதுக்குத்தான் பட்டபாடெல்லாம்.”

“அப்ப ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?”

லாப்ரடார் வெளியே குரைத்தது.

மனைவி வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கேட்டாள். அது நல்லதாகப் போயிற்று, முகம் தெரியவில்லை. பிறகு பழைய காட்டன் புடவையால் கோழியைத் துடைத்துக் காயவைத்துக் கொல்லையில் விட்டாள். கோழி உடம்பை உதறிக்கொண்டது, மண்ணைக் கிளறியது, ஒரு புழுவைப் பிடித்துத் தின்றது. காலையில் உறுமியது தானில்லை என்பது மாதிரி நடமாடியது. கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை.

“தெளிஞ்சிடுச்சு” என்றாள் மனைவி. என்னைத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் நான் ஆபீசுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கொல்லையிலேயே இருந்தேன். பொய்யும் இல்லை. மத்தியானம் பேப்பர் திருத்துகிற இடத்திலிருந்து அவள் போன் செய்தாள். “உக்காந்துச்சா?” “இல்ல.” “சரி.” அவ்வளவுதான் பேச்சு. அந்த ‘சரி’யைக் கேட்டபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அரிசி டிரம்மில் எட்டு முட்டைகள். ஒவ்வொரு நாளும் அவற்றின் உயிர் குறைந்துகொண்டே போகும். கடைசியாக இட்ட முட்டையோடு சேவலின் கணக்கும் தீர்ந்திருந்தது. இனி இடுவது வெறும் முட்டை.

அதற்கும் மறுநாள் பிற்பகல், நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோது, கோழி இரை பொறுக்குவதை நிறுத்தியது. தலையைத் தூக்கி எதையோ கேட்பது மாதிரி நின்றது. யாரும் கூப்பிடவில்லை, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, நேரமாகிவிட்ட ஆள் மாதிரி, விறுவிறுவென்று நடந்து என் காலைத் தாண்டிக் கொட்டகைக்குள் போய், பெட்டியில் ஏறி, இரண்டு பக்கமும் உடம்பை அசைத்து இறக்கி, தட்டையாகிவிட்டது. கையில் ஐஸ் இல்லை என்பதை ஒரு முறை உறுதிசெய்துகொண்டேன்.

அன்று மனைவி வந்து, வெளிச்சம் மங்குகிறவரை காத்திருந்தாள். முட்டையைப் பகலில் வைக்கக் கூடாது, பொழுது சாய்ந்து கோழி கண் மங்குகிற நேரத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அவள் வீட்டுப் பழக்கம். இஸ்திரிக்காரரிடம் வாங்கிவந்த கரியால் எட்டு முட்டையிலும் ஒரு கோடு இழுத்தாள். கோழி புதிதாக இட்டால் கலந்துபோகாமல் இருக்க. பிறகு கோழியின் அடியில் கையை விட்டு, ஆட்டுக்குட்டியை எடுத்துவிட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். பாலன் இயேசுவைக் கடைசியாக எடுத்தாள். எடுத்தவள் சிலுவை போட்டுக்கொண்டு, சுரூபத்தைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, “எவ்ளோ சூடுங்க” என்றாள். கோழி அவளைக் கொத்தவில்லை. நான் எட்டிப் பார்த்தேன், என்னைக் கொத்தியது.

பெட்டியின் ஓரத்தில் ஒரு இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டைக்குள் குஞ்சு கலங்கிப்போகும், இவை இருந்தால் ஆகாது என்று அவள் சொன்னாள். நான் கணக்குப் பிள்ளை, எதையும் நம்பாதவன். சிரித்தேன். அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கோடை மழை வந்தது. கடல் பக்கத்திலிருந்து வானம் கறுத்து, தகரக் கூரை அதிர இடித்தது. முதல் இடிக்கு நான் ஆணி இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். இரண்டாவது இடிக்கு ஸ்கூட்டர் ஸ்பேனரைக் கொண்டுபோய் ஆணிக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாவதற்குச் சுத்தியல். மனைவி வந்து பார்த்தபோது பெட்டியைச் சுற்றி ஒரு மெக்கானிக் கடையே இருந்தது. நடுவில் கோழி, ஒரு இடிக்கும் கண் சிமிட்டாமல்.

அந்த நாட்களில் அதைப் பார்ப்பதுதான் என் முக்கியமான வேலை. நாளுக்கு ஒரு முறை எழுந்திருக்கும். அவசர அவசரமாகத் தண்ணீர் குடித்து, கொஞ்சம் தின்று, மண்ணில் புரண்டு, முட்டை ஆறுவதற்குள் திரும்பிவிடும். மற்ற நேரமெல்லாம் அங்கேயேதான். எடை குறைந்து, கொண்டை வெளுத்துப்போனது. அலகால் முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டும். ஓரத்தில் இருந்ததை நடுவுக்கு இழுக்கும், நடுவில் இருந்ததை ஓரத்துக்குத் தள்ளும். எது எத்தனை நேரம் எங்கே இருந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? கம்பெனியில் இந்த வேலைக்கு எங்களுக்கு ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. அதுவும் தப்பு செய்யும்.

ஒரு வாரம் போனதும் டாக்டர் போனில் சொல்லிக்கொடுத்தபடி, கோழி இரைக்கு எழுந்த நேரம் பார்த்து, ஒரு முட்டையைக் குளியலறைக்கு எடுத்துப்போனேன். விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சின்மேல் முட்டையை நிறுத்தினேன். முட்டையைக் களிமண் பிள்ளையார் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசைதான், எங்கள் வீட்டில் அந்த உவமை செல்லாது. முட்டை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. உள்ளே மெல்லிய சிவப்பு நரம்புகள் வேர் மாதிரி கிளைத்துக் கிளைத்து ஓடின. எல்லாம் ஒரு இடத்தில் வந்து கூடின. அங்கே ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி துடித்தது.

நான் இருட்டில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சேவலின் குரல், ஓட்டம், சந்து முனையில் ஸ்கூட்டர் சத்தத்துக்குத் தலை தூக்குகிற வேகம் எல்லாம் இந்தப் புள்ளிக்குள் எங்கேயோ இருக்க வேண்டும். இல்லை, வேறு யாரோ ஒரு ஆள் புதிதாக வந்துகொண்டிருக்கலாம். வெந்நீரில் போட்டால் சில நிமிடத்தில் சாப்பாடாகிற பொருள். அதற்குள் ஒருவர் வேலையை ஆரம்பித்துவிட்டார், யாரிடமும் ஒன்றும் கேட்காமல். சமையலறையில் நின்ற மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு அவள், “போதும், ஆறிடும், கொண்டுபோய் வைங்க” என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

முதல் மாடிக்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வெங்காயம்கூடச் சேர்க்காத மனிதர். தினம் காபி டம்ளரோடு பால்கனியில் வந்து நிற்பார். “என்ன ஸார், ஏதாவது அசையறதா?” “இன்னும் நாள் இருக்கு மாமா.” “மழை பேஞ்சுதே, கொட்டாய் ஒழுகலையே?” அவர் வீட்டிலிருந்து ஒரு தார்ப்பாய் வந்தது. சேவலைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

மூன்று வாரம் முடிந்த நாளில் நான் லீவு போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் காலைவரை ஒன்றும் இல்லை. எட்டு முட்டையும் எட்டுக் கல் மாதிரி கிடந்தன. என் பயம் பழையபடி வந்துவிட்டது. நான் சுற்றிய ஈரத்துணிதான் காரணம், அல்லது அந்தச் சுத்தியல், அல்லது குளியலறையில் டார்ச் அடித்தது. உள்ளே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும், ஒன்றை மட்டும் ஸ்பூனால் லேசாகத் தட்டி உதவி செய்யலாமா என்று கேட்டேன்.

“ஸ்பூனக் கீழ வைங்க.”

“லேசாத்தான்.”

“ஐஸ் வெச்சது போதும். ஸ்பூன் வேற வேணாம். கீழ வைங்க.”

வைத்தேன். அவள் பள்ளிக்குப் போகாமல் கொட்டகை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் என்ன காரணம் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நான் மண்ணில் குப்புறப் படுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தேன். கோழி உறுமியது, பிறகு, இவன் இப்படித்தான் என்று விட்டுவிட்டது போலிருக்கிறது.

வெகுநேரம் வைக்கோல் சத்தம்தான் கேட்டது. பிறகு, எங்கேயோ சுவருக்கு அப்பால் கேட்பது மாதிரி, மிகச் சின்னதாக ஒரு ‘க்கீ’. நான் கோழியின் சத்தம் என்று நினைத்தேன். அதன் அலகு மூடியிருந்தது. மறுபடியும் அதே சத்தம், ஓட்டுக்குள்ளிருந்து. உடனே கோழி பதில் சொன்னது. அதுவரை அதன் வாயிலிருந்து நான் கேட்டேயிராத ஒரு குரலில், தணிவாக, விட்டு விட்டு. உள்ளேயிருந்து ‘க்கீ’. வெளியேயிருந்து அந்தக் குரல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நடுவில் ஓடு வேறு. ஆனால் பேச்சு நடந்துகொண்டிருந்தது, நான் பக்கத்தில் படுத்திருப்பதைப் பொருட்படுத்தாமல். நான் மனைவியின் புடவை நுனியைப் பிடித்து இழுத்தேன். அவளும் இறங்கி வந்து, மண்ணில் படுத்து, பெட்டியின் அந்தப் பக்கம் காதை வைத்தாள்.

மேலேயிருந்து பார்த்த முதல் மாடிக்காரருக்கு நாங்கள் எப்படித் தெரிந்திருப்போம் என்று தெரியவில்லை. இந்த முறை உடம்புக்கு ஏதாவதா என்று அவர் கேட்கவில்லை.

அன்று மத்தியானத்திலிருந்து மறுநாள் மாலைக்குள் ஐந்து முட்டைகள் பொரித்தன. இரண்டு முட்டைகளில் ஒன்றுமே வளரவில்லை. ஒன்றில் குஞ்சு முழுசாக வளர்ந்து, ஓட்டை உடைக்காமலேயே இறந்திருந்தது. மனைவி அதை முருங்கை மரத்தடியில் புதைத்தாள். அதற்கு மறுநாள் காலை கோழி ஐந்து குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்து, அவற்றுக்கு மண்ணைக் கிளறிக் காட்டியது.